காய்ச்சல் போனது, ஏலாமை போகவில்லை: எந்தக் கணக்கிலும் வராத தசைநோய்

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தீவில் அதிகம் பேசப்படாமல் கிடந்த சிக்குன்குனியா, 2024 இன் இறுதியிலிருந்து மீண்டும் தலைகாட்டத் தொடங்கியது. 2025 இல் அது இலங்கையோடு மட்டும் நிற்கவில்லை. இந்து சமுத்திரத்தின் மறுபக்கத்தில் ரியூனியன், மயோட், மொரீசியஸ் தீவுகளிலும் நோய் வேகமாகப் பரவியது. அந்த ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் ஓர் எச்சரிக்கையை விடுத்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே தீவுகளில் தொடங்கி உலகின் பல பகுதிகளுக்கும் பரவிய அலை மறுபடியும் எழக்கூடும், 119 நாடுகளில் 560 கோடி மக்கள் இந்த வைரஸ் தொற்றக்கூடிய பகுதிகளில் வாழ்கிறார்கள் என்பதே அதன் சாரம்.

வடக்கில் மாரி தொடங்கினால் டெங்குவும் தொடங்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் எமது செய்தித்தளங்கள் எண்களால் நிறையும். இன்று இத்தனை பேர் அனுமதி, இதுவரை இத்தனை பேர் உயிரிழப்பு, இத்தனை வீடுகளில் நுளம்புக் குடம்பிகள் கண்டுபிடிப்பு, இத்தனை பேருக்குத் தண்டம். ஊடகக் கற்கை படித்த காலத்திலிருந்து இந்த எண்களைக் கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எண்ணப்படுவது செய்தியாகிறது. எண்ணப்படாதது நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. கணக்கில் வராதவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிடுவதை எமது மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

இந்தக் கட்டுரை அப்படி எண்ணப்படாத ஒன்றைப் பற்றியது. காய்ச்சல் மாறி, வைத்தியசாலையில் தந்த துண்டும் தொலைந்துபோன பிறகு, சிலரின் கைகாலில் தங்கிவிடும் ஏலாமை. அது எல்லோருக்கும் வருவதல்ல. ஆனால் வருபவர்களுக்கு அதன் பெயரே சொல்லப்படுவதில்லை என்பதுதான் பிரச்சினை.

நோவும் ஏலாமையும் ஒன்றல்ல

2006 இன் கடைசி மாதங்களை யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. உணவும் மருந்தும் கப்பலில் வரக் காத்திருந்த காலம். அதே மாதங்களில்தான் சிக்குன்குனியா யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, கல்முனை, புத்தளம், கொழும்பு என்று பரவியது. நான் அப்போது பாடசாலை மாணவன். எங்கள் ஒழுங்கையில் பெரியவர்கள் காலை எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். பலருக்குச் சில வாரங்களில் சரியானது. சிலர் மாதக்கணக்கில் உளைவோடு திரிந்தார்கள். வெளியே நடந்துகொண்டிருந்ததோடு ஒப்பிட்டால் மூட்டு நோவு ஒரு நோவாகவே யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

எங்கள் பேச்சுத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'நோகுது'. மற்றது 'ஏலாமல் கிடக்கு'. வைத்தியத்திலும் இவை இரண்டு வேறு விடயங்கள். டெங்கு, சிக்குன்குனியா, இன்புளுவென்சா, கொவிட் என்று எந்த வைரஸ் காய்ச்சலிலும் உடம்பு நோகும். பெரும்பாலும் அது உடலின் எதிர்ப்பு நடவடிக்கையால் வரும் நோ. காய்ச்சலோடு வந்து, காய்ச்சலுக்குப் பின் சில நாட்களில் அல்லது வாரங்களில் போய்விடும். சிக்குன்குனியாவில் மட்டும் மூட்டு நோவு மாதங்களுக்கும், சிலருக்கு ஆண்டுகளுக்கும் நீளலாம்.

தசையழற்சி இதிலிருந்து வேறுபட்டது. வைத்தியர்கள் மயோசைட்டிஸ் என்பார்கள். அதில் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே தசைகளைத் தாக்குகிறது. அதன் முதல் அடையாளம் பல வேளைகளில் நோவு அல்ல, ஏலாமை. அதுவும் விரல் நுனியில் அல்ல, தோளிலும் இடுப்பிலும் தொடையிலும். குந்தியிருந்து எழும்ப முடியாது. தலை இழுக்கக் கை உயராது. கிணற்றில் வாளியை இழுக்கத் தோள் விட்டுவிடும். பஸ்ஸின் படியில் கால் ஏறாது. சிலருக்கு விழுங்குவது கடினமாகும். தோலையும் சேர்த்துத் தாக்கும் வகையில் கண் இமைகளில் ஊதா கலந்த சிவப்பும், விரல் மொழிகளின் மேல் தடித்த செந்நிறப் புள்ளிகளும் வரும்.

'மயோசைட்டிஸ்' என்ற சொல்லை எம்மில் பலர் முதன்முதலில் கேள்விப்பட்டது 2022 ஒக்டோபரில், நடிகை சமந்தா தனக்கு அந்த நோய் இருப்பதாக அறிவித்தபோதுதான். அது சினிமாச் செய்தியாக வந்து சினிமாச் செய்தியாகவே போய்விட்டது. அந்த நோய் எப்படியிருக்கும், எமது ஊரில் யாருக்கு வரலாம், எங்கே காட்ட வேண்டும் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு.

வைரஸ் தசைக்குள் என்ன செய்கிறது?

வைரஸுக்கும் தசைநோய்க்கும் உள்ள உறவை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்ப்பது எளிது.

முதலாவது, வந்து போகும் வகை. 1957 இல் சுவீடனில் லுண்ட்பேர்க் என்ற வைத்தியர், சளிக்காய்ச்சல் தணியும் நேரத்தில் பிள்ளைகள் காலைப் படுக்கையிலிருந்து எழும்பி நடக்க முடியாமல் போவதைப் பதிவு செய்தார். கெண்டைக்கால் நோகும். பிள்ளை நுனிக்காலில் நடக்கும் அல்லது நடக்கவே மறுக்கும். பெரும்பாலும் இன்புளுவென்சா, குறிப்பாக அதன் 'பி' வகை, இதற்குக் காரணம். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். டெங்குவிலும் இதுபோல நடப்பதுண்டு. 1993 இல் பிரேசிலில் டெங்குவோடு தசைநோவும் இருந்த 15 பேரின் தசைத் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் சிறு குருதிக்கலன்களைச் சுற்றி அழற்சிக் கலங்கள் இருந்தன. ஆகவே டெங்குவில் வரும் உடம்பு நோவு வெறும் அலுப்பு அல்ல. தசை உண்மையாகவே தொடப்படுகிறது. ஆனால் ஆறிவிடுகிறது.

இரண்டாவது, வைரஸ் தசைக்குள் தங்கும் வகை. ரியூனியன் தீவில் 2005, 2006 இல் சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரைச் சிக்குன்குனியா தாக்கியது. அந்த அலைக்குப் பின், தசைநோய் அறிகுறிகள் இருந்த இரண்டு பேரின் தசைத் துண்டுகளைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பரிசோதித்து 2007 இல் வெளியிட்டார்கள். வைரஸின் தடயம் தசைநாரில் இருக்கவில்லை. தசை காயப்பட்டால் அதைப் புதுப்பிக்கும் துணைக்கலங்களில் இருந்தது. அவர்களில் ஒருவருக்கு அந்தப் பரிசோதனை நடந்தது காய்ச்சல் வந்து சில மாதங்களுக்குப் பின்னர். தசையைத் திருத்த வேண்டிய கலத்திலேயே வைரஸ் குடியேறியிருந்தது என்றால், தசை ஏன் மெதுவாகத் தேறுகிறது என்பதற்கு அது ஒரு விளக்கமாகலாம். இரண்டே பேரை வைத்து எல்லோருக்கும் பொதுவான விதி எழுத முடியாது. ஆனால் 'வைரஸ் போய்விட்டது, இனி எல்லாம் உன் நினைப்பு' என்று நோயாளியிடம் சொல்வதற்கு முன்னர் ஒரு கணம் யோசிக்க அது போதும்.

மூன்றாவது வகைதான் உண்மையான ஆபத்து. வைரஸ் போன பின்னும் எதிர்ப்பு ஓயாத நிலை. 1989 இல் ஜமேய்க்காவில் பலதசையழற்சி நோயாளிகளைப் பரிசோதித்தபோது அவர்களில் பெரும்பாலானோரில் எச்டிஎல்வி-1 என்ற வைரஸுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்தன. அங்குள்ள பொதுமக்களில் இருந்ததைவிட அது பல மடங்கு அதிகம். எச்ஐவி தொற்று உள்ளவர்களிலும் தசையழற்சி பதிவாகியிருக்கிறது.

வைரஸ் ஒன்று உடலின் கலத்துக்குள் நுழைந்தால் கலம் அபாய மணி அடிக்கும். அந்த மணியின் பெயர் இன்டர்பெரோன். தோலோடு சேர்ந்து வரும் தசையழற்சி நோயாளிகளின் தசையையும் தோலையும் ஆராய்ந்தால் அங்கே அந்த மணி விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வைரஸைத் தேடினால் பெரும்பாலும் அகப்படுவதில்லை. போர் முடிந்து ஆண்டுகள் கடந்த பின்னும் ஊருக்குள்ளேயே நின்ற காவலரண்களை நாங்கள் பார்த்தவர்கள். எதிரி இல்லை. ஆனால் காணி திரும்பவில்லை, பாதை திறக்கவில்லை, ஊர் தேறவில்லை. தசையழற்சியில் உடலுக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

கொவிட் காட்டித்தந்தது

இந்த உறவைக் கிட்ட நின்று பார்க்கும் வாய்ப்பு கொவிட் காலத்தில் கிடைத்தது. எங்கள் கலங்களுக்குள் எம்டிஏ5 என்ற ஒரு புரதம் இருக்கிறது. வைரஸின் மரபணுப் பொருளை மோப்பம் பிடித்து அபாய மணியை அடிக்கச் செய்வது அதன் வேலை. சிலரில் உடல் இந்தப் புரதத்துக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளை உருவாக்கிவிடும். இதை முதலில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005 இல் கண்டார்கள். இந்தப் பிறபொருளெதிரி உள்ளவர்களுக்குத் தோலில் நோய் தெரியும். தசையில் குறைவாகவே தெரியலாம், சிலரில் தெரியாமலே போகலாம். நுரையீரல் மட்டும் வேகமாகக் கெட்டுவிடக்கூடும்.

கிழக்காசியாவுக்கு வெளியே இது அரிது. ஆனால் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் பகுதியில் 2018 முதல் 2022 வரை 60 பேரில் இந்தப் பிறபொருளெதிரி கண்டறியப்பட்டது. 2021 இல் எண்ணிக்கை உச்சம் தொட்டது. 60 பேரில் 25 பேருக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டது. 8 பேர் இறந்தனர். லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 இல் இதை வெளியிட்டபோது, கொவிட் வைரஸோடு உடலுக்கு ஏற்பட்ட பரிச்சயம் இந்த நோயைத் தூண்டியிருக்கலாம் என்றார்கள்.

இங்கே ஒன்றை நேராகப் பேச வேண்டும். அதே காலத்தில்தான் தடுப்பூசியும் ஏற்றப்பட்டது. ஆய்வாளர்கள் தொற்றையும் தடுப்பூசியையும் இரண்டையும் கணக்கில் எடுத்தே எழுதினார்கள். ஒரே காலத்தில் நடந்தது என்பதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் என்றாகிவிடாது. ஒரு பிராந்தியத்தின் ஐந்து ஆண்டுகளில் 60 பேர் என்பது மிக அரிதான ஒன்று. கொவிட் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பது எமக்குத் தெரியும். 'எல்லாம் ஊசியால் வந்தது' என்று பரவும் குரல்பதிவுகள் நோயாளியை வைத்தியரிடமிருந்து விலக்குகின்றனவே தவிர, ஒருவரையும் குணப்படுத்துவதில்லை.

வைரஸ்தான் தசையழற்சிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 1992 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தசையழற்சி நோயாளிகளின் தசைத் துண்டுகளில் சந்தேகத்துக்குரிய வைரஸ்களின் மரபணுப் பொருளைத் தேடி, எதையும் காணவில்லை என்று அறிவித்தார்கள். வைரஸ் தீ மூட்டிவிட்டு வெளியேறிவிட்டதா, வேறு எதுவோ மூட்டியதா என்ற விவாதம் முடியவில்லை. பரம்பரை இயல்பு, சில வகைப் புற்றுநோய்கள், கொழுப்பைக் குறைக்கப் பாவிக்கும் ஸ்டற்றின் மாத்திரைகள் ஆகியவையும் இந்தக் குடும்பத்து நோய்களோடு தொடர்புடையவை.

எங்கள் உடம்புகளில் இது எப்படி மறைகிறது?

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். நாற்பதுகளின் பிற்பகுதி. 2009 இல் கணவரை இழந்தவர். கச்சான் பிடுங்கவும் வெங்காயம் நடவும் கூலிக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். காய்ச்சல் ஒன்று வந்து மாறி இரண்டு மாதத்தில் அவருக்குக் குந்தியிருந்து எழும்ப முடியாமல் போனது. முதலில் காட்டிய இடத்தில் பலவீனம் என்று விற்றமின் கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் யோசினை கூடிப்போய்விட்டது, நிம்மதியாக இருங்கள் என்றார்கள். மூன்றாவது இடத்தில், இடுப்பில் கிடக்கும் செல் துண்டுதான் காரணம் என்றார்கள். ஏழு மாதம் கழித்து ஓர் இளம் வைத்தியர் அவரைக் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. அன்றே குருதி எடுத்தார். தசை சிதையும்போது குருதியில் கலக்கும் சிபிகே என்ற நொதியம் இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு உயர்ந்திருந்தது. இப்போது மருந்தோடு நடமாடுகிறார். கூலி வேலைக்கு இனிப் போக முடியாது.

அந்தக் காய்ச்சல்தான் காரணம் என்று எந்த வைத்தியரும் அவருக்கு எழுதித் தரவில்லை. மேலே சொன்ன காரணங்களால் அப்படி எழுதவும் முடியாது. ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது காரணம் அல்ல. ஏழு மாதத்துக்கு முன்னர் எடுத்திருக்க வேண்டிய அந்த ஒரு குழாய் குருதி.

இதில் போர் எங்கே வருகிறது என்று கேட்கலாம். மூன்று இடங்களில் வருகிறது.

ஒன்று, எங்கள் பழைய காயங்கள் புதிய நோய்களை மறைக்கின்றன. உடம்பில் துண்டோடு வாழும் ஒருவர் எங்கே நோகிறது என்றாலும் 'அது அந்தத் துண்டு' என்று மற்றவர்களும் சொல்கிறார்கள், தானும் நம்புகிறார். இழப்போடு வாழும் ஒருவர் ஏலவில்லை என்றால் 'அது மனம்' என்கிறார்கள். மனத்தின் பாரம் உடம்பில் தெரியும் என்பது உண்மை. ஆனால் மனத்தின் பாரம் சிபிகேயைப் பல மடங்கு உயர்த்தாது. பரிசோதித்துப் பார்த்த பின் சொல்ல வேண்டியதைப் பரிசோதிக்காமல் சொல்வதுதான் தவறு.

இரண்டு, பரிசோதனையே சிலருக்குக் கடினம். தசையில் அழற்சி எங்கே இருக்கிறது என்று பார்க்க எம்ஆர்ஐ நல்ல கருவி. ஆனால் அது வலிமையான காந்தம். உடலில் உலோகத் துண்டு இருப்பவர்களை அதற்குள் அனுப்புவது ஆபத்தாகலாம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய குருதிக்குழாய் ஆகியவற்றுக்கு அருகில் துண்டு இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே அந்தக் கருவிக்கு முன்னர், கேட்காவிட்டாலும் 'எனக்குள் செல் துண்டு இருக்கிறது' என்று சொல்லியே ஆகவேண்டும். எக்ஸ்ரே எடுத்து இடத்தைப் பார்த்து வைத்தியர் முடிவெடுப்பார். எம்ஆர்ஐ முடியாது என்றால் வழி மூடிவிட்டது என்று பொருளில்லை. குருதிப் பரிசோதனை, தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈஎம்ஜி, சிறு தசைத் துண்டு எடுத்துப் பார்ப்பது என்று வேறு வழிகள் உண்டு.

மூன்று, தூரமும் கூலியும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேல். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் அன்றைய கூலி போய்விடும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டை விட்டுப் போன வைத்தியர்களின் வெற்றிடம் தூர மாவட்டங்களில்தான் முதலில் தெரிகிறது. வீட்டில் உழைப்பவர் ஒருவரே என்றால், அவர் வைத்தியசாலைக்குப் பதிலாக மருந்தகத்துக்குப் போவார்.

அங்கே இன்னொரு சிக்கல். நோவுக்கென்று சீட்டில்லாமல் கொடுக்கப்படும் மாத்திரைப் பொதியில் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் இருக்கலாம். அது சில நாட்களுக்கு எல்லா நோவையும் அடக்கும். தசையழற்சிக்கும் அதுவே முதல் மருந்துதான். ஆனால் அளவும் காலமும் தெரியாமல் எடுத்தால் நோயின் அடையாளங்கள் அரைகுறையாக மறைந்து, சரியான கண்டுபிடிப்பு பிந்தும். நீண்டகாலம் எடுத்தால் ஸ்டீரொயிட்டே தொடைத் தசைகளை மெலியச் செய்யும். சீனி ஏறும், எலும்பு நலியும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அரசுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை

இந்த நோய்கள் அரிதானவை. பொதுவாகப் பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்குச் சிலர் முதல் இருபது பேர் வரை என்று உலகின் வெவ்வேறு பகுதிகளின் கணக்குகள் சொல்கின்றன. வட மாகாணத்தின் சனத்தொகை பத்து இலட்சத்தைச் சற்றுத் தாண்டும். அந்த வீதத்தை அப்படியே பொருத்தினால், ஆண்டுதோறும் எங்கள் மாகாணத்திலும் ஒரு கைவிரல் எண்ணிக்கை முதல் இருபது வரையான புதிய நோயாளிகள் இருக்க வேண்டும். இது என் மேலோட்டமான கணக்கு மட்டுமே. ஆனாலும் கேள்வி அதிலிருந்தே எழுகிறது. அவர்கள் எங்கே? எத்தனை பேர் பெயர் தெரியாத ஏலாமையோடு வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள்?

தொற்று நோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் டெங்கு வரும், எலிக்காய்ச்சல் வரும், வேறு பல வரும். தொற்றுக்குப் பின் வரும் தசைநோய் வராது. 2017 இல் நாடு முழுவதும் 186,101 டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அவர்களில் எத்தனை பேர் மூன்று மாதத்தின் பின் பழையபடி வேலைக்குப் போனார்கள் என்று அந்தக் கணக்கில் இல்லை.

இது முடியாத காரியம் அல்ல. வைரஸுக்குப் பின் வரும் கைகால் ஏலாமையைத் தேடிப் பதிவு செய்வதை இந்த நாடு நன்றாகவே செய்கிறது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல் பதிவானார். இருந்தும் இன்றுவரை 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட எந்தப் பிள்ளைக்குத் திடீரெனக் கைகால் தளர்ந்தாலும் உடனே அறிவிக்க வேண்டும், பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. 1990களின் பிற்பகுதியில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்கள் இருந்தன. வேண்டும் என்று நினைத்தால் எண்ணலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெரிய நிதி கேட்கும் கோரிக்கைகள் அல்ல இவை. சிக்குன்குனியா, டெங்கு நோயாளர்களில் ஒரு பகுதியினரையாவது மூன்றாம் மாதம் ஒருமுறை அழைத்து, கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப முடிகிறதா என்று பார்ப்பது. ஏலாமை என்று வருபவர்களுக்கு ஆதார வைத்தியசாலையிலேயே சிபிகே பார்க்க வழி செய்வது. செல் துண்டு உள்ளவர்களின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே அது எங்கே இருக்கிறது என்று எழுதி வைப்பது. ஊடகங்களிடமும் ஒரு வேண்டுகோள். 'மர்மக் காய்ச்சல்' என்ற தலைப்பை விடுவோம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோன அந்த 'மர்மம்' எலிக்காய்ச்சல்தான். அது வைரஸ் அல்ல, பக்டீரியா. கெண்டைக்கால் கடுமையாக நோவது அதன் அடையாளங்களில் ஒன்று. நேரத்தோடு கொடுத்தால் மருந்து கேட்கும். மர்மம் என்று எழுதுவதால் பயம்தான் கூடும், கெண்டைக்கால் நோவோடு வீட்டில் இருப்பவர் வைத்தியசாலைக்கு வரமாட்டார்.

எப்போது காட்ட வேண்டும்?

காய்ச்சலோடு உடம்பு நோகிறது என்றால் பயப்பட வேண்டாம். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பரசிற்றமோல் தவிர வேறு நோவு மாத்திரை வேண்டாம். அஸ்பிரின், இபுப்ரோபென், டைக்ளோபெனாக் போன்றவை குருதிப்பெருக்கைக் கூட்டக்கூடும்.

காய்ச்சல் நேரத்திலோ அதன் பின்னரோ சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். காலில் தொடங்கிய தளர்ச்சி நாளுக்கு நாள் மேலே ஏறினால், மூச்சு விடவோ விழுங்கவோ கடினமானால், விடியும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அது நரம்பைத் தாக்கும் வேறொரு நோயாகவும் இருக்கலாம்.

காய்ச்சல் மாறி ஒரு மாதம் கடந்தும் குந்தி எழும்பவோ, தலை இழுக்கவோ, வாளி தூக்கவோ முடியவில்லை என்றால், வைத்தியரிடம் 'நோகுது' என்று மட்டும் சொல்ல வேண்டாம். எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள். கண் இமையிலோ விரல் மொழியிலோ நிறம் மாறியிருந்தால் காட்டுங்கள். பாவிக்கும் எல்லா மாத்திரைகளையும், கொழுப்பு மாத்திரை உட்பட, கொண்டுபோங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். சிபிகே பார்க்கலாமா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கடும் கூலி வேலையும் தசையில் போட்ட ஊசியும்கூட அந்த அளவைக் கொஞ்சம் உயர்த்தும். அதையும் சொல்லுங்கள்.

தசையழற்சிக்கு மருந்து உண்டு. ஸ்டீரொயிட்டோடு மெதொட்ரெக்சேற், அசதையோபிரின் போன்றவை பல ஆண்டுகளாகப் பாவனையில் இருக்கின்றன. மேற்பார்வையோடு செய்யும் உடற்பயிற்சி தசையைக் கெடுக்காது, தேற்றும். ஆனால் அழற்சி நீண்டுகொண்டே போனால் தசை இருந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துவிடும். அதன் பின் எந்த மருந்தாலும் அதை முழுமையாக மீட்க முடியாது.

எங்கள் மக்கள் நோவைத் தாங்கப் பழகியவர்கள். பதுங்குகுழியிலும் முகாமிலும் வரிசையிலும் நின்று பழகிய பொறுமை அது. அந்தப் பொறுமை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இந்த நோயில் பொறுத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் தசையாகவே கழிகிறது. ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லுங்கள். சொன்னதைக் கேட்டு, எழுதி, எண்ணி வைப்பது சுகாதாரத் துறையின் கடமை.